பொடியெழுத்து அக்கா

கடையில் நாமெல்லாம் ஒரு பொருளை முன்பக்கம் பார்த்து வாங்குவோம். அக்கா பின்பக்கம் பார்த்துத்தான் வாங்குவாள். பிஸ்கட்டோ தீப்பெட்டியோ, கையில் எடுத்ததும் முதல் வேலை அதைக் கவிழ்ப்பது. அவள் கழுத்தில் தையல் டேப்போடு ஒரு கண்ணாடியும் கயிற்றில் தொங்கும். அதை மாட்டிக்கொண்டு, அதுவும் போதாமல் போனில் டார்ச்சைப் போட்டுக்கொண்டு, எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கும் எழுத்தை உதடு அசைய வாசிப்பாள். பின்னால் நிற்கிறவர்களுக்குப் பொறுமை போய்விடும்.

"அக்கா, அது உப்பு. உப்புல இன்னாத்த படிக்கப் போறீங்க?" என்பார் கடைக்கார அண்ணன்.

"யாரு உப்ப திங்கறோம்னு தெரிய வேணாமா?" என்பாள், தலையை நிமிர்த்தாமலே.

பொடியெழுத்து அக்கா என்பது தெருவில் நாங்கள் வைத்த பேர். அவளுடைய சொந்தப் பேர் எனக்குத் தெரியும், எழுத மாட்டேன். அவள் விஷயத்தில் நான் ஒருமுறை தப்புப் பண்ணியாகிவிட்டது. கேட்காமல் பேரைப் போட்டு இன்னொன்றும் பண்ண வேண்டாம். இப்போது அவள் மகள் வீட்டோடு கிருமாம்பாக்கத்தில் இருக்கிறாள். நான் சொல்லப்போவது, ஒதியம்பட்டில் எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீட்டில் அவள் இருந்த காலம்.

ஜாக்கெட் தைப்பாள். ஆனால் அவளுக்குப் பேர் வாங்கிக் கொடுத்தது புதுநன்மை கவுன்தான். எங்கள் சர்ச் பங்கில் எந்தப் பெண்பிள்ளை முதல் நற்கருணை வாங்கினாலும், அந்த வெள்ளைக் கவுன் அக்காவின் மெஷினில் ஏறி இறங்கியதாக இருக்கும். துணி எடுத்துக்கொண்டு போனால் துணியையும் விடமாட்டாள். "காட்டன்னு சொன்னானா? ஒரு நூல உருவிக் கொளுத்திப் பாரு, பிளாஸ்டிக் நாத்தம் அடிக்குதா இல்லியான்னு" என்பாள். சொன்னதோடு நிற்காமல் கொளுத்தியும் காட்டுவாள். பெரும்பாலும் நாற்றம் அடிக்கும். ஆசையாகத் துணி எடுத்து வந்தவளுக்கு முகம் செத்துவிடும்.

விலாசத்தில் பம்பாய், டெல்லி என்று இருந்தால் பொருளைக் கீழே வைத்துவிடுவாள். பல்லுக்கு வில்லியனூரில் அரைக்கிற பல்பொடி. டீத்தூள் சாக்கில் வருவதை எடை போட்டு வாங்குவது. கல்யாண வீட்டுக்குப் போனால் பையில் சொந்தத் தண்ணீர். பந்தியில் பாட்டில் தண்ணீர் வைத்தால், கவிழ்த்துப் படித்துவிட்டுப் பக்கத்து இலைக்குத் தள்ளிவிடுவாள். அவளுக்கென்று ஒரு வாக்கியம் உண்டு. ஜெபம் மாதிரி சொல்வாள்.

"முன்னால எழுதிக்கிறது அவன் சொல்றதுடி. பின்னால எழுதிக்கிறது அவன சொல்ல வெச்சது."

ஆனால் வீட்டில் செய்ததென்றால் ஒரு கேள்வி கேட்கமாட்டாள். யார் வீட்டு முறுக்கானாலும் கொடுத்த கையோடு வாயில் போட்டுக்கொள்வாள். ஒருநாள் நான் வம்புக்கு, "இன்னாக்கா, இத திருப்பிப் பாக்கலியா?" என்று கேட்டேன்.

"கையால செஞ்சத திருப்பிப் பாக்கக் கூடாது. செஞ்ச மூஞ்சியே எதிர்ல நிக்குதே, அத படிச்சா போதும்" என்றாள்.

நானும் லேசுப்பட்டவள் இல்லை. சந்தேகத்தில் அவள் ஒரு படி என்றால் நான் ஒன்றேகால் படி. அவள் கம்பெனிகளைச் சந்தேகப்பட்டாள், நான் அவளைச் சந்தேகப்பட்டேன். காரணம் இல்லாமல் ஒருத்தி இவ்வளவு மெனக்கெடுவாளா? தெருவில் ஆளுக்கொரு கதை சொன்னார்கள். அவள் புருஷன் முன்னே கலர் சோடா கம்பெனி வைத்திருந்தாராம், பெரிய கூல்டிரிங்ஸ் வந்து அது படுத்துவிட்டதாம், அந்த வயிற்றெரிச்சலாம். நான் விசாரித்ததில் அக்கா வீட்டு அண்ணன் என்றைக்கும் லோடு ஆட்டோதான் ஓட்டியிருக்கிறார். சோடா விற்கவும் இல்லை, குடித்ததாகவும் தகவல் இல்லை.

அந்த அண்ணனைப் பற்றியே தனியாக எழுதலாம். வாயில்லாப் பூச்சி. வில்லியனூர் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு டீக்கடையில் அவரை ஒருநாள் கையும் களவுமாகப் பிடித்தேன். பெரிய கம்பெனி கிரீம் பிஸ்கட்டை டீயில் நனைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நனைந்த பாதி டம்ளருக்குள் விழுந்துவிட்டது. "அதுகிட்ட சொல்லிடாதம்மா" என்றார், பாவமாக. எனக்கா இருப்புக் கொள்ளும்? நேரே சொல்லாமல் அக்காவிடம் ஜாடையாக ஆரம்பித்தேன். அவள் மெஷினை நிறுத்தாமலே சொன்னாள்.

"பிஸ்கட்டு தான? தெரியும். சட்டப் பையில தூள் கொட்டிக்கிது, துவைக்கிறவளுக்குத் தெரியாதா? மறைக்கிறாரு பாரு, அந்தக் கூச்சம் இருக்கட்டும். எதிர்ல உக்காந்து இல்லவே இல்லன்னு பொய் சொல்லியிருந்தா சோறு போட்டிருக்க மாட்டேன்."

ஒரு வருஷம் தை மாதம் ஊரெல்லாம் மாட்டுக்காகப் போராட்டம். அதோடு சேர்ந்து, வெளிநாட்டுக் கூல்டிரிங்ஸ் இனிமேல் குடிக்கமாட்டோம் என்று ஒரு பேச்சு கிளம்பியது. எங்கள் தெருப் பையன்கள் ரோட்டோரம் பாட்டிலை வரிசையாக அடுக்கிவைத்து, நடுரோட்டில் கொட்டிக் காட்டப் போவதாகச் சொன்னார்கள். இந்த விஷயத்தில் சீனியர் ஆயிற்றே என்று அக்காவைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். அக்காவும் போனாள். பாட்டில்களைப் பார்த்தாள்.

"இத்தெல்லாம் எங்கடா எடுத்தீங்க?"

"கடையில வாங்கினோம்க்கா."

"காசு குடுத்தா?"

"பின்ன சும்மாவா குடுப்பான்?"

"அப்ப அவனுக்குப் போவ வேண்டியது போயிடுச்சி. நீ ரோட்டுல கொட்டினா அவனுக்கு இன்னா, வயித்துல கொட்டினா இன்னா?"

பையன்களில் ஒருத்தன், "போட்டோ எடுக்கத்தான்க்கா" என்றான். அவள் திரும்பி நடந்துவிட்டாள். அவர்கள் கொட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், ரோடெல்லாம் எறும்பு மொய்த்தது. ஈஸ்டருக்குள் அதே கையில் அதே பாட்டில். அக்கா மட்டும் யாரையும் குத்திக் காட்டவில்லை. அது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. நானாக இருந்தால் ஒரு வருஷம் சொல்லிக் காட்டியிருப்பேன்.

எங்கள் பங்கில் தெருவுக்குத் தெரு அன்பியம் உண்டு. வாரத்துக்கு ஒரு வீடு என்று முறைவைத்துச் சாயங்காலம் பத்துப் பதினைந்து குடும்பம் கூடும். செபமாலை சொல்லி, வேதம் வாசித்து, ஒரு பாட்டுப் பாடி, கடைசியில் டீ, பிஸ்கட். ஊர்க்கதை முழுக்க அந்தக் கடைசியில்தான். தெருக்கோடி வீட்டு அண்ணியின் முறை வந்தபோது, தட்டில் விலை கூடிய பிஸ்கட்டாகப் பார்த்து அடுக்கியிருந்தாள். அக்கா வழக்கம்போல காலிக் கவரை எடுத்துப் படித்துவிட்டு, "எனக்கு வேணாம்மா, டீ போதும்" என்று தட்டைத் தள்ளினாள். மரியாதையாகத்தான் சொன்னாள். ஆனால் ஆசையாக வாங்கி வைத்தவளுக்கு அது செருப்படி. அண்ணி அன்றிலிருந்து அக்காவுக்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தாள். அந்த நாளை அவளுக்கு எடுத்துக் கொடுத்தவள் நான்.

இவ்வளவுக்கும் காரணம் என்ன என்று ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன். ஜாக்கெட்டுக்கு அளவெடுத்துக்கொண்டிருந்தாள். டேப் என் கையைச் சுற்றி இருந்தது. இவள் உண்மையைச் சொல்லப் போவதில்லை என்று நினைத்துத்தான் கேட்டேன்.

"கல்யாணத்துக்கு முன்ன ஒரு கம்பெனிக்கு மூஞ்சில தடவுற கிரீமு வித்தேன். பாகூர் பக்கம், வூடு வூடா போயி. அவன் குடுத்த பேப்பர்ல இருக்கிறத மனப்பாடம் பண்ணி ஒப்பிப்பேன். ஒரு பொண்ணு, கல்யாணத்துக்கு பத்து நாள் இருக்குது, 'நீ சொன்னா சரி அக்கா'ன்னு வாங்கிச்சி. மூணாம் நாளு மூஞ்செல்லாம் கொப்புளம். அவங்க அம்மா டப்பாவ எடுத்துக்கினு வந்து என் மேல வீசுனாங்க. அப்பதான் அத திருப்பிப் பாத்தேன். மொதல்ல முழங்கையில தடவி ஒரு நாள் பாக்கணும்னு பொடியா எழுதிக்கிது. நான் விக்கிற சாமான நானே படிக்கல."

"நீங்க இன்னாக்கா பண்ணுவீங்க, கம்பெனிக்காரன் பண்ணதுக்கு?"

"கம்பெனிய அந்தப் பொண்ணு பாத்துச்சா? என்னத்தான் பாத்துச்சு" என்றாள். கை அளவைச் சொல்லி நோட்டில் எழுதச் சொன்னாள். எழுதினேன்.

அப்போது நான் திருபுவனையில் ஒரு சோப்புக் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் நிரந்தரம் இல்லை, கான்ட்ராக்ட். காலையில் ஆறு மணிக்குக் கூட்டுரோட்டில் நின்றால் கம்பெனி பஸ் வந்து அள்ளிக்கொண்டு போகும். கேட்டில் போனை வாங்கி வைத்துக்கொள்வார்கள். உள்ளே பெல்ட்டில் சோப்பு வரும், ஒரு மெஷின் அதன்மேல் பேர் அச்சு அடிக்கும், அடுத்த மெஷின் கவர் சுற்றும், நாங்கள் பெட்டியில் அடுக்குவோம். எங்கள் கம்பெனி இரண்டு சோப்புப் போட்டது. ஒன்று சொந்தச் சோப்பு, ஒரு பூவின் பேர் வைத்தது. இன்னொன்று, டிவியில் விளம்பரம் வருகிற ஒரு பெரிய கம்பெனிக்காகப் போட்டுக் கொடுப்பது. லைனில் நிற்கிற நாங்கள் சின்னக் கவர், பெரிய கவர் என்போம்.

சின்னக் கவரின் பின்பக்கத்தில் திருபுவனை என்று விலாசம் இருந்ததை அக்கா கண்டுபிடித்தாள். ஓடி வந்தாள். "ஏன்டி, இது உங்க கம்பெனிதான? மொதலாளி யாரு?"

"நம்மூர்க்காரர்தான்க்கா. சின்னக் கவர் அவருடைய சொந்தச் சரக்கு" என்றேன். அன்றைக்கு அது சத்தியமான உண்மை.

அடுத்த அன்பியத்தில் எழுந்து நின்று பேசினாள். அவள் எதையும் வாங்காதீர்கள் என்றுதான் சொல்லிக் கேட்டிருக்கிறோம், வாங்குங்கள் என்று சொன்னது அதுதான் முதல் தடவை. "எத்தினி நாளிக்கு வேணாம் வேணாம்னு சொல்றது, இத வாங்குங்க. அட்ரஸ் பக்கத்துலயே கீது. உள்ள நம்ம பொண்ணு நிக்குது, தப்பு நடந்தா சொல்லும்" என்று என்னைக் கை காட்டினாள். எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பெட்டி அடுக்குகிறவளுக்கு அப்படி ஒரு மரியாதை அதற்கு முன்னால் கிடைத்ததில்லை. கொஞ்ச நாளில் அன்பியத்தில் முக்கால்வாசி வீட்டில் சின்னக் கவர்தான். தெருக்கோடி அண்ணிகூட வாங்கினாள், முணுமுணுத்துக்கொண்டே.

சோப்பு ஏஜெண்ட் தெரு முழுக்குமான பெட்டியை மொபெட்டில் கட்டிக்கொண்டு வந்து அக்கா வீட்டு வாசலில் இறக்க ஆரம்பித்தான். ஒருநாள் பெட்டியோடு ஒரு சிவப்பு பிளாஸ்டிக் பக்கெட்டையும் இறக்கினான். மூடியோடு, புதுசு, நல்ல சைஸ். ஜன்னலில் நின்று பார்த்தேன். அட, இதுதானா விஷயம், கமிஷனா, என்று தோன்றியது. பக்கெட் கண்ணுக்குத் தெரிகிறது, கண்ணுக்குத் தெரியாமல் இன்னும் என்னென்னவோ! இத்தனை நாள் அவளைப் பற்றி எனக்கு இருந்த சந்தேகத்துக்கு ஒரு கைப்பிடி கிடைத்தது, அதுவும் பக்கெட்டின் கைப்பிடி. அவளிடம் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லிவிடுவாளோ என்று பயம்.

ஒருநாள் கம்பெனியில் எல்லோருக்கும் ஆளுக்கொரு லட்டு கொடுத்தார்கள். சின்னக் கவரையும் பெரிய கம்பெனியே வாங்கிவிட்டது. சூப்பர்வைசர் எங்களை நிற்கவைத்துச் சொன்னான்: "இனிமே ரெண்டுக்கும் ஒரே மொதலாளி. சரக்கும் ஒண்ணுதான். பழைய கவர் ஸ்டாக்கு தீர்ற வரைக்கும் பழைய கவர்லயே போவும். வெளிய ஒரு வார்த்த போச்சு, யாருன்னு கேக்க மாட்டேன், லைனோட அனுப்பிடுவேன்." லட்டைத் தின்றுகொண்டே தலையாட்டினோம்.

என் வீட்டுக்காரர் கொத்தனார். அந்தச் சமயம் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பில் அடிபட்டு, ஆறு மாதமாகப் படுத்த படுக்கை. என் ஒருத்தி கைதான் அடுப்பெரித்தது. இதைச் சாக்காகச் சொல்லவில்லை. இப்படி இருந்தது என்று சொல்கிறேன்.

ஒரு மாதம்கூடப் போயிருக்காது. காலையில் கூட்டுரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிறேன். எங்கள் லைன் பெண்கள் இரண்டு பேர் பக்கத்தில். அக்கா வேகமாக நடந்து வருகிறாள். கையில் சோப்பு.

"கவர்ல ஒண்ணும் மாறல. நாலு தடவ படிச்சிட்டேன். ஆனா மணம் மாறிக்கிது, நொரையும் வேறயா கீது. உள்ள இன்னாடி நடக்குது?"

என் பக்கத்தில் நின்ற இரண்டு பேரும் ரோட்டைப் பார்க்க ஆரம்பித்தார்கள். இவளிடம் சொன்னால் இந்த வாரமே அன்பியத்தில் எழுந்து நின்று சொல்வாள், அது சூப்பர்வைசர் காதுக்குப் போக இரண்டு நாள் போதும். சொன்னேன்.

"ஒண்ணும் இல்லக்கா. செண்ட மாத்திக்கிறாங்க, அவ்ளோதான். அதே மொதலாளிதான், அதே சரக்குதான்."

கண்ணாடியை எடுத்து மாட்டுவாள், டார்ச்சை என் முகத்தில் அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அவள் கண்ணாடியைத் தொடவே இல்லை.

"நீ சொன்னா சரி" என்றாள். சோப்பை மடியில் செருகிக்கொண்டு திரும்பிப் போய்விட்டாள்.

யாரையும் நம்பாதவள், பூசையில் கொடுக்கிற அப்பத்துக்கு மாவு எங்கே வாங்குகிறீர்கள் என்று பங்குச் சாமியாரையே கேட்டவள், என்னை நம்பிவிட்டாள். பஸ்ஸில் உட்கார்ந்து போகும்போது எனக்கு அழுகை வந்தது. அழக் கூடாதென்று அந்தச் சிவப்புப் பக்கெட்டை நினைத்துக்கொண்டேன். பக்கெட் வாங்கினவள்தானே, அவளும் யோக்கியமா என்று கேட்டுக்கொண்டதும் கொஞ்சம் சுலபமாக இருந்தது. திருபுவனை வரும்வரை அந்தப் பக்கெட்டை விடவில்லை.

அந்த வாரமே யாரோ மணம் மாறியிருக்கிறதே என்று அவளிடம் கேட்டார்களாம். "விசாரிச்சிட்டேன், செண்டுதான் மாத்திக்கிறாங்க" என்று எல்லோருக்கும் அவளே உத்தரவாதம் சொல்லியிருக்கிறாள்.

பிறகு லைனில் ஒரு தப்பு நடந்தது. பெரிய கவர் ஓட்டி முடித்துச் சின்னக் கவருக்கு மாற்றும்போது, பேர் அடிக்கிற அச்சையும் கழற்றி மாற்ற வேண்டும். அன்று அவசர ஆர்டர். கவரை மாற்றினார்கள், அச்சை மாற்ற மறந்துவிட்டார்கள். பூப் பேர் போட்ட கவருக்குள் டிவியில் வருகிற பேர் அடித்த சோப்பு. பெட்டி அடுக்கும்போது ஒன்றின் கவர் பிரிந்திருந்ததால் நான்தான் முதலில் பார்த்தேன். கத்தினேன். லைனை நிறுத்தி, இருந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்தோம். எல்லாம் எடுத்தாகிவிட்டது என்றுதான் நினைத்தோம்.

இரண்டு மூன்று வாரம் கழித்து அன்பியம் தெருக்கோடி அண்ணி வீட்டில். செபமாலை முடிந்தது, பாட்டு முடிந்தது. அண்ணி உள்ளே போய்த் தட்டோடு வந்தாள். தட்டில் பிஸ்கட் இல்லை. பாதி பிரித்த சின்னக் கவர். அதை அக்கா முன்னால் வைத்தாள்.

"வாசிங்கக்கா. இது பொடியெழுத்து இல்ல, பெரிய எழுத்துதான். கண்ணாடி வேணாம்."

அக்கா சோப்பை எடுத்தாள். புடைத்திருந்த எழுத்தின்மேல் கட்டைவிரலால் ஒவ்வொன்றாகத் தடவினாள். கடைசி எழுத்து வரைக்கும் தடவினாள்.

"நம்மூரு சோப்புன்னீங்க. நம்மூரு மொதலாளின்னீங்க. எங்க வூட்டு பிஸ்கட்ட நாய்க்கு தள்ற மாதிரி தள்ளுனீங்களே" என்றாள் அண்ணி. "கமிஷன் வாங்கினாலும் வாங்கினீங்க, எங்ககிட்ட சொல்லியிருந்தா நாங்களே வசூல் பண்ணிக் குடுத்திருப்போமே!"

யாரோ சிரித்தார்கள். சிரிப்பு ஒரு ஆளோடு நிற்கவில்லை. அக்கா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். நான் செபப் புத்தகத்தில் பக்கம் புரட்டினேன், இன்னும் ஒரு பாட்டு பாக்கி இருப்பது மாதிரி.

"தப்பு எம்மேலதான். நான் சரியா படிக்கல" என்றாள் அக்கா.

அண்ணி விடுவதாக இல்லை. "உள்ள நம்ம பொண்ணு நிக்குது, தப்பு நடந்தா சொல்லும்னீங்களே. அது இன்னா சொல்லுது?" என்று என் பக்கம் திரும்பினாள்.

அக்கா முந்திக்கொண்டாள். "அது பொட்டி அடுக்குற பொண்ணு. அதுக்கு இன்னா தெரியும்? அத நான் கேக்கவும் இல்ல, அது சொல்லவும் இல்ல."

பொய் சொல்கிறவருக்குச் சோறு போடமாட்டேன் என்றவள், பதினைந்து குடும்பத்துக்கு முன்னால், செபமாலை கையில் இருக்கும்போதே, எனக்காகப் பொய் சொன்னாள். அப்போதாவது நான் எழுந்திருக்க வேண்டும். "இல்ல, அக்கா கேட்டாங்க, நான்தான் மறைச்சேன்" என்று சொல்லியிருக்க வேண்டும். எனக்கு ஒன்றும் தெரியாது என்று தலையாட்டினேன். அக்கா டீ குடிக்காமல் போய்விட்டாள்.

அதற்கப்புறம் அவள் என்னோடு சண்டை போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். போடவில்லை. தெருவில் பார்த்தால், "வூட்டுக்காரருக்கு இடுப்பு எப்படி கீது?" என்று கேட்பாள். ஜாக்கெட் கொடுத்தால் தைத்துக் கொடுப்பாள், அளவு கச்சிதமாக இருக்கும். எதற்கு இப்படி நல்லவிதமாக இருக்கிறாள், உள்ளே என்ன வைத்திருக்கிறாள் என்று எனக்குத் தூக்கம் போயிற்று. அன்பியத்தில் அவள் பேசுவதை நிறுத்திவிட்டாள். எந்தக் கவரையும் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. தனக்கு மட்டும் பயத்தமாவு அரைத்துக்கொண்டாள். தெருவில் ஒவ்வொரு வீடாகப் பழைய சோப்புக்கே போய்விட்டது. அவள் முதுகுக்குப் பின்னால் இப்போது பொடியெழுத்து என்றில்லை, கமிஷன் அக்கா என்று பேர்.

பொய் சொல்லி நான் காப்பாற்றிய வேலை அடுத்த மழைக்காலம் வரைக்கும்தான். பெரிய கம்பெனி எங்கள் லைனைக் கழற்றி வேறு மாநிலத்துக்குக் கொண்டுபோய்விட்டது. எங்களுக்கு அன்று லட்டு இல்லை.

டிசம்பரில் கோயிலில் கிறிஸ்துமஸ் குடில் வேலைக்கு ஆள் கூப்பிட்டார்கள் என்று போனேன். குடிலுக்குள் பச்சையாக இருக்க வேண்டும் என்று தட்டுகளில் நெல் தெளித்து முளைக்க வைத்திருந்தார்கள். அதற்கு உபதேசியார் தண்ணீர் மொண்டு ஊற்றிக்கொண்டிருந்தார், ஒரு சிவப்புப் பக்கெட்டிலிருந்து. மூடியோடு.

"இந்தப் பக்கெட்டு ஏதுங்க?" என்றேன்.

"உங்க தெரு டைலர் அக்கா குடுத்ததும்மா. சோப்புக்காரன் வேணாம் வேணாம்னாலும் இறக்கிட்டுப் போயிட்டானாம். வந்த அன்னிக்கே தூக்கியாந்து இங்க வெச்சிட்டுப் போச்சு. கோயிலுக்குப் பூவுக்கு தண்ணி வெக்க ஆவும்னு."

ஒன்றரை வருஷமாக நான் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்த கைப்பிடி அது.

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு பண்ணினேன். வெறுங்கையோடு போக முடியாது, பண்டிகைப் பலகாரத்தோடு போக வேண்டும். கேனை எடுத்துக்கொண்டு வில்லியனூர் செக்குக்குப் போய், மல்லாட்டைக் கடலையை ஆட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்து எண்ணெய் வாங்கி வந்தேன். வெல்லம் தெரிந்த ஆளிடம் வாங்கினேன். அரிசியை நானே இடித்தேன். கவர் போட்ட ஒரு சாமானும் அந்த அதிரசத்துக்குள் போகவில்லை. அவளுக்காகத்தான் அவ்வளவும்.

காலைப் பூசை முடிந்து புதுப் புடவையோடு தட்டை எடுத்துக்கொண்டு போனேன். அண்ணன் வாசலிலேயே ஒன்றை எடுத்துக் கடித்து, நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் எடுத்துக்கொண்டார். அக்கா உள்ளேயிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். "வாடி, உக்காரு" என்றாள். தட்டிலிருந்து ஒரு அதிரசத்தை எடுத்தாள். நான் முதல் வார்த்தையை நாக்கில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. திருப்பினாள். கழுத்துக் கயிற்றிலிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு அதன் பின்பக்கத்தைப் பார்த்தாள்.

"எண்ணெ எதுடி?"

"செக்கு எண்ணெக்கா. வில்லியனூர்ல நானே நின்னு ஆட்டி வாங்கியாந்தேன்."

கண்ணாடியோடு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். கூட்டுரோட்டில் அன்று பார்க்காததையெல்லாம் சேர்த்து வைத்துப் பார்க்கிற மாதிரி, அவ்வளவு நேரம் பார்த்தாள். பிறகு அதிரசத்தைத் தட்டிலேயே வைத்தாள்.

"சரி. அப்பறமா சாப்புடறேன், இப்பதான் இட்லி துன்னேன்" என்றாள்.

சொல்ல வந்ததைச் சொல்லவில்லை. சொன்னாலும் அவள் நம்பியிருப்பாளா, தெரியவில்லை. தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அது செக்கு எண்ணெய்தான். சத்தியமாகச் செக்கு எண்ணெய்தான்.